அண்ணன் போட்ட ஓட்டைகள்

அண்ணனின் முதலாண்டுப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், தெருக்காரர்களுக்கும், அண்ணனோடு பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கும் ஆண்டவருடைய சமாதானம் உண்டாகட்டும்.

இதை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் குடும்பத்தில் இருக்கிறார்கள். சொல்லப்போனால் எனக்குத்தான் தகுதியே கிடையாது. அண்ணன் இறப்பதற்கு முந்தைய நாலு வருஷமும் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அது உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். மீதிப்பேருக்கு அந்தப் பாதிப்பேர் சொல்லியிருப்பார்கள். அப்படியிருந்தும் மைனி என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "நீதான் எழுதணும். மத்தவங்கன்னா நல்லவரு வல்லவருன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. நடந்ததை எழுத ஒனக்குத்தான் உரிமை இருக்கு" என்று சொல்லிவிட்டார். அண்ணன் மனைவி வாய்விட்டுக் கேட்டதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு என்மேல் குற்றம் காண்கிறவர்கள் தாராளமாகக் காணலாம். நானே நிறையக் கண்டுவிட்டேன்.

அண்ணன் பிறந்தது தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய எங்கள் பழைய ஓட்டு வீட்டில். அந்த வருஷம் சலாபம் நடந்தது. முத்துக்குளிப்புக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து ஊர் நிரம்பியிருந்த நேரத்தில் பிறந்த பிள்ளை என்பதால், இவன் முத்தாய் வாழ்வான் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அண்ணனுக்கும் எனக்கும் பதினோரு வயது வித்தியாசம். நடுவில் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அதனால் அண்ணனுக்கு என்மேல் உயிர். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டே திரிந்து என் கால்களுக்கு நடையையே மறக்கடித்துவிட்டார் என்று அம்மா திட்டுவார்.

அப்பாவுக்குத் தோணிகளுக்குக் கலப்பத்து பார்க்கும் வேலை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசி, கடல் உள்ளே வராமல் அடைப்பதற்குத்தான் கலப்பத்து என்று பெயர். கொழும்புக்கு ஓடுகிற தோணியில் அப்பா கைவைத்தால் சொட்டுத் தண்ணீர் ஏறாது என்பார்கள். அவர் காய்ச்சலில் படுத்து ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. அப்பாவின் உளியையும் கொட்டாப்புளியையும் எடுத்துக்கொண்டு மறு வாரமே கரைக்கு இறங்கினார். தோணி வேலை வருஷம் முழுக்க இருக்காது. வேலை இல்லாத மாதங்களில் திருநெல்வேலிக்குப் போய் ஒரு லாரிப் பட்டறையில் தகடு வெட்டவும், கேஸ் வைத்துப் பற்றவைக்கவும், நசுங்கிய வண்டி உடம்பைத் தட்டி எடுக்கவும் கற்றுக்கொண்டார். சில வருஷத்தில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் சொந்தமாக டிங்கரிங் பட்டறை வைத்தார். கீற்றுக் கொட்டகைதான். ஆனால் நம்மூர் உப்புக்காற்றில் துருப்பிடிக்காத கார் எது? வேலைக்குப் பஞ்சமே இல்லை.

அம்மா இறந்தபிறகு என்னைக் கரையேற்றியதும் அண்ணன்தான். மூன்று தோணிகளுக்குச் சொந்தக்காரரான ஒரு முதலாளியிடம் டிரைவராக இருந்தவரை எனக்குப் பார்த்துக் கட்டிவைத்தார். என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார், ஆனால் பார்க்கவேண்டியதைப் பார்த்துவிடுவார். அண்ணன் அதற்கு நேர் எதிர். நிறையப் பேசுவார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்திக்கு உட்காராமல் வாசலில் நிற்கிற கார்களை ஒவ்வொன்றாக விரலை மடக்கித் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். எதில் துரு, எதில் பட்டி வைத்து மறைத்திருக்கிறான் என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். மாப்பிள்ளை வீட்டார் காரையும் தட்டிச் சொல்லிவிடுவார், அதுதான் வம்பு. கைச்சுத்தம் உள்ளவர், அரைகுறையாக விட்டு எழுந்திருக்கமாட்டார், யார் கஷ்டம் என்று வந்தாலும் போய் நிற்பார். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற பிடிவாதம் அவரிடம் உண்டு. இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்கவேண்டாம். அந்த மூன்று கால் முயல்தான் எங்கள் இரண்டு வீட்டையும் அழித்தது.

புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். முதலாளியின் அப்பா, ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய கறுப்புக் கார் ஒன்று அவர்கள் உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் பல வருஷமாக நின்றது. உப்புக்குப் பக்கத்தில் இரும்பு நின்றால் என்ன ஆகும் என்று நம்மூர்க்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. முதலாளி அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார்.

"மேஸ்திரி, எம்மவ கல்யாணத்துக்கு அவ தாத்தா கார்லதான் கோயிலுக்குப் போவணும்ங்கா. ஆறு மாசம் இருக்கு. ஆவுமா, ஆவாதா?"

"ஆவும் முதலாளி" என்று அண்ணன் காரைத் தொட்டுப் பார்க்காமலேயே சொன்னாராம். என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார்.

பட்டறைக்கு இழுத்துவந்து உள்ளே விரித்திருந்ததை உரித்தபோது, காலுக்கடியில் இருக்கிற அடித்தகடு சல்லடையாய் இருந்தது. பட்டறை மண்ணை அதன் வழியாகப் பார்க்கலாம். அண்ணன் கெட்டதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். ஒரு தகட்டின் விளிம்பு இன்னொன்றின்மேல் ஏறிச் சேருகிற பொருத்துகளில்தான் துரு முதலில் பிடிக்கும். கார் செய்தவர்கள் அந்தப் பொருத்துகளில் ஏதோ பசை வைத்து அடைத்திருந்தார்கள், அது காய்ந்து ஓடு ஓடாய்ப் பெயர்ந்து வந்தது. அதையெல்லாம் உளியால் சுரண்டி, கம்பிப் புருசு போட்டு, இரும்பு வெளுக்கிறவரை தேய்த்தார். பட்டறைக்காரர்கள் அந்த இடத்தில் பட்டி வைப்பார்கள். கார் ஆடுகிற ஆட்டத்தில் பட்டி வெடித்துவிடும் என்று அண்ணனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அப்பா வேலையைக் காருக்குக் கொண்டுவந்தார். எண்ணெயில் ஊறிய நூலைப் பொருத்தில் இறக்கி, குங்கிலியமும் தாரும் சேர்த்துக் காய்ச்சி மேலேயும் கீழேயும் இரண்டு பக்கமும் பூசினார். பூசிய இடம் கறுப்பாய் மின்னியது. மற்றப் பட்டறைக்காரர்கள் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்கு முன்னாலேயே இப்படி எட்டுக் கார்களுக்கு அடைத்திருந்தார். ஆனால் இவ்வளவு முழுசாக எதற்கும் செய்ததில்லை.

ஒருநாள் மத்தியானம் அண்ணனுக்குச் சோறு கொண்டுபோனேன். மைனிக்கு அப்போது உடம்பு சரியில்லை. என் வீட்டுக்காரரும் அங்கே நின்றார். காருக்கடியில் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"மச்சான், பழைய தகட்டுல ஆறு ஓட்டை இருந்துச்சே, ரப்பர் மூடி போட்டு. அடியில சட்டத்துலயும் சின்னச் சின்னதா இருந்துச்சு. ஒண்ணையும் காணுமே?"

"அடச்சிட்டேன் மாப்ள. தோணிக்கு அடியில எவனாவது ஓட்டை விடுவானா?"

"இது தோணி இல்லியே. மேல இருந்து தண்ணி எறங்குனா எங்கன போவும்?"

"நான் அடச்சா தண்ணி வராது. வண்டி ஓட்ட ஒனக்குத் தெரியும், அடைக்க எனக்குத் தெரியும். சோத்தைத் தின்னு."

அவர் கையைக் கழுவிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும்தான் நினைத்தேன்.

கடலோடு பிழைக்கிறவர்களுக்குத் தண்ணீர் எப்போதும் வெளியிலிருந்துதான் வரும். உள்ளே வந்த தண்ணீரை இறைத்துக் கொட்ட ஆள் இருப்பான். காரில் இறைக்க யார் இருக்கிறார்கள்? இந்தச் சின்ன விஷயம் அண்ணன் புத்தியில் ஏறவில்லை. வேலை முடிந்த அன்று முதலாளியையும் ஊராரையும் வைத்துக்கொண்டு, புதுத் தோணிக்குப் பார்ப்பதைப்போல, குடம் குடமாகத் தண்ணீரைக் காருக்குள் ஊற்றினார். பொழுது சாயும்வரை தண்ணீர் உள்ளேயே நின்றது. கீழே சாக்கை விரித்துப் போட்டிருந்தார், அதில் ஒரு சொட்டு ஈரமில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். முதலாளி தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அண்ணனுக்குப் போர்த்தினார். அண்ணன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் பிறகு பார்க்கவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. என் வீட்டுக்காரர்தான் பெண்ணைக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். முதலாளிக்கு அந்தக் காரின்மேல் ஆசை வந்து, அதையே எப்போதும் எடுக்கச் சொன்னார். இரண்டு ஐப்பசி மழை போனது. கால் வைக்கிற இடத்தில் விரிப்பு ஊறுகிறது, ஊளை நாற்றம் வருகிறது என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் சொன்னார். அண்ணன் போய் விரிப்பை அமுக்கிப் பார்த்துவிட்டு, "முன் கண்ணாடி ரப்பர் போயிருச்சு. முதலாளிட்ட சொல்லி மாத்து" என்றார். அது உண்மைதான், தண்ணீர் அங்கிருந்துதான் வந்தது. வந்த தண்ணீர் எங்கே போயிற்று என்று அவர் கேட்கவில்லை. விரிப்பைத் தூக்கவும் இல்லை. சீட்டை இறுக்கியிருக்கும் போல்ட்டு வழியாக அது அடியில் பெட்டிபோல் உள்கூடாய் இருக்கிற சட்டத்துக்குள் இறங்கி, வெளியே போக வழியில்லாமல் அங்கேயே கிடந்து இரும்பைத் தின்றிருக்கிறது. மேலேயும் கீழேயும் கறுப்புப் பூச்சு அப்படியே மின்னிக்கொண்டிருந்தது.

திருச்செந்தூர் ரோட்டில், முதலாளியின் விருந்தாளிகளைக் கூப்பிடப் போன பகல் நேரத்தில், குறுக்கே வந்த மாட்டுவண்டிக்காக என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்தார். கால் எவ்வளவு பலமாக மிதிக்கிறதோ அவ்வளவு பலமாக முதுகு சீட்டைப் பின்னால் தள்ளும். சீட்டு அடித்தகட்டோடு பிய்ந்து பின்னால் போயிற்று. கால் பிரேக்கை விட்டு வந்துவிட்டது. கார் பாலத்துச் சுவரில் மோதியது. அங்கேயே முடிந்துவிட்டார். என் மூத்த மகளுக்கு அப்போது ஏழு வயது, இளையவளுக்கு நாலு.

பக்கத்துப் பனைகளில் ஏறி நின்ற இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். "மோதறதுக்கு முன்னாலயே டிரைவர் மல்லாந்துட்டாரு" என்று போலீசில் சொன்னார்கள். அவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. மல்லாந்தார் என்றால் குடித்திருந்தார் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. திருநாளுக்குக்கூட ஒரு மடக்கு வாயில் வைக்காத மனிதர். அடக்கத்துக்கு வந்தவர்களே என் காதுபடப் பேசினார்கள். முதலாளி வீட்டில் ஒருவர், "காரும் போச்சு, கௌரவமும் போச்சு" என்று சொன்னார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் அண்ணன், நொறுங்கிய கார் கிடந்த முதலாளியின் கிட்டங்கிக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். கை இரண்டும் துருவும் தாருமாக இருந்தன. வாசலுக்குள் வராமல் வெளியிலேயே நின்றார்.

"ஏளா, மாப்ள குடிக்கல" என்றார். "சட்டத்துல உளி வச்சு ஒரு போடு போட்டேன். தண்ணி கொடகொடன்னு ஊத்துது. இரும்பு தாள் மாதிரி கையோட வருது. ஓட்டைய அடச்சது நாந்தான். மாப்ள அன்னைக்கே கேட்டாரு."

"நானும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அழுதிருந்தால் ஒருவேளை நானும் அழுதிருப்பேன். அவர் அழவில்லை, அடுத்து நான் என்ன சொல்வேன் என்று நின்றார்.

"இனிமே எனக்கு அண்ணன் கிடையாது. என் வாசல்ல நிக்காத" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அண்ணன் அதன்பிறகு செய்ததை நான் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தப்பு தன்னுடையது, எழுதிக்கொள்ளுங்கள் என்றாராம். "ஊருல அவனவன் தப்பிக்கப் பாக்கான், நீரு தேடி வாரீரே" என்று ஏட்டையா சிரித்தாராம். எழுதும்வரை அண்ணன் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. முதலாளி, "வாயை மூடிக்கிட்டு இரும், மேஸ்திரி. இதனால ஒமக்குத்தான் நட்டம்" என்று நல்லதற்குச் சொல்லிப் பார்த்தார். அண்ணன் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து சனங்கள் கலைகிற நேரத்தில், கோயில் வளாகத்தில் கொடிமரத்துப் பக்கம் நின்று சத்தம்போட்டுச் சொன்னார்: "என் தங்கச்சி மாப்பிள்ள குடிக்கல. குடிச்சவன் மாதிரி வேல பாத்தவன் நான்." நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பிள்ளைகளோடு வேறு வாசல் வழியாக வெளியேறினேன். அதன்பிறகு யாரும் என் வீட்டுக்காரரைக் குடிகாரர் என்று சொல்லவில்லை. அந்த நன்றியை நான் அண்ணனுக்குச் சொல்லவில்லை.

பட்டறைக்கு வண்டி வருவது நின்றது. கொலைகாரன் கையில் யார் காரைக் கொடுப்பார்கள்? அண்ணன் பட்டறையில் சும்மா உட்காரவில்லை. தான் இதே மாதிரி அடைத்திருந்த மற்ற எட்டுக் கார்களையும் தேடி, கைத் துளைப்பானைப் பையில் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் போனார். அடித்தகட்டில் ஆறு துளை, சட்டத்தில் துளை, தண்ணீர் இருந்தால் வடித்துவிட்டு, கெட்டிருந்தால் மாற்றிக் கொடுத்துவிட்டு வருவார். கூலி கிடையாது. ஊருக்கு இது வேடிக்கையாகிவிட்டது. ஒரு டாக்டர் வீட்டு அம்மா, "அன்னைக்கு ஓட்டைய அடைக்கேன்னீரு, இன்னைக்கு ஓட்டை போடுதேங்கீரு. ஒமக்கென்ன கிறுக்கா?" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டாராம். அண்ணன் மூன்று நாள் அந்த வாசலில் நின்றார். நாலாம் நாள் டாக்டரே காரை வெளியே எடுத்துவிட்டார். 'ஓட்டை மேஸ்திரி' என்று ஊர் பெயர் வைத்தது. மீன் வாங்கப் போன இடத்தில் அந்தப் பெயர் என் காதில் விழுந்தபோது முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மீனை அலசும்போது அழுகை வந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்த நாலு வருஷமும் மைனிதான் எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் நடந்தார். அரிசி வரும், மீன் வரும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்து உடுப்பு வரும். யார் கொடுத்தனுப்பியது என்று மைனியும் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன். பட்டறை படுத்தபிறகு அண்ணன் துறைமுகத்தில் கூலிக்குத் துருத் தட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கிக்கொண்டேன். எனக்குக் கோபம் இருக்கலாம், பிள்ளைகளுக்குப் பசிக்காதா? தெருவில் எதிரே வந்தால் அவர் ஒதுங்கி நிற்பார், நான் கடந்து போவேன். ஒருமுறை என் இளையவள் "மாமா" என்று ஓடினாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளை இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறது.

எட்டில் ஒரு காரை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ஆறுக்குத் துளை போட்டாயிற்று. மிச்சமிருந்த ஒன்று பல கை மாறி எங்கோ போய்விட்டது. அதைத் தேடி அண்ணன் சாகுபுரம்வரை அலைந்தார். கடைசியில் அது திருச்செந்தூரில் ஒரு லாட்ஜுக்காரரிடம் இருப்பதும், கோயிலுக்கு வருகிற குடும்பங்களை அதில்தான் ஏற்றி இறக்குகிறார்கள் என்பதும் தெரிந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை என்று மைனி சொன்னார். இரண்டு தடவை போய் லாட்ஜுக்காரரைப் பார்க்க முடியாமல் திரும்பினார். மூன்றாம் தடவை அவர் ஒத்துக்கொண்டார்.

அந்த லாட்ஜுக்கார அண்ணாச்சி அடக்கத்துக்கு வந்திருந்தபோது என்னிடம் சொன்னது இது. காருக்கடியில் படுத்து அண்ணன் துளை போட்டபோது, அரித்திருந்த தகடு உடைந்து உள்ளங்கையை நீளமாகக் கிழித்துவிட்டது. அதன்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு ஆறு துளையையும் போட்டு முடித்தார். துருவேறிச் சிவப்பாய்த் தண்ணீர் வடிந்தது. அது வடிந்து தீரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "போய் ஒரு ஊசி போட்டுட்டுப் போங்க மேஸ்திரி" என்று அண்ணாச்சி சொன்னாராம். "தகரம் கீறாத நாளு எந்நாளு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அண்ணன் பஸ் ஏறினார்.

மறுநாள் மைனி என்னிடம் வந்தார். "எல்லாம் முடிஞ்சுதாம்ளா. இப்பமாவது ஒன்ன வந்து பாக்கலாமான்னு கேக்காரு. வரச் சொல்லட்டா?"

எனக்கு உள்ளே என்னவோ இளகிவிட்டது. மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் உடனே வரச் சொல்லவும் வாய் வரவில்லை. மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. "திருநாள் கழியட்டும் மைனி. கழிஞ்சதும் வரச் சொல்லுங்க, ஒரு வேளை சாப்பிட்டுப் போட்டும்" என்றேன். நாலு வருஷம் காத்திருந்தவருக்குப் பத்து நாள் பெரிதா என்று நினைத்தேன். என்னை உடனே இறங்கி வந்தவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்கிற வீம்பும் இருந்தது. அண்ணனுக்குத் தங்கைதானே நானும்.

அடுத்த ஒரு வாரமும் அண்ணன் சந்தோஷமாக இருந்தாராம். வெள்ளை வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்திருந்தாராம். எட்டாம் நாள் காலையில் கஞ்சி குடிக்க வாய் திறக்க முடியவில்லை. பல்வலி என்று நினைத்தார்கள். சாயங்காலத்துக்குள் கழுத்து விறைத்து, முதுகு விறைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில், துருத் தகடு கிழித்த புண்ணால் வந்த ரண ஜன்னி என்றார்கள்.

ஆஸ்பத்திரியைவிட்டு நகரமுடியாத மைனியிடமிருந்து, திருநாளன்று சப்பரம் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் எனக்குச் செய்தி வந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மன்னித்தேன் என்பதெல்லாம் எனக்கு வராது. 'அண்ணே' என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும், மிச்சத்தை அவர் புரிந்துகொள்வார் என்று இருந்தது.

அறை வாசலில் நர்ஸம்மா என்னை நிறுத்தினார். ஜன்னல்களில் கறுப்புக் கம்பளி தொங்கியது. உள்ளே ஒரே இருட்டு.

"தங்கச்சியா? உள்ள போலாம். ஆனா வாயத் தெறக்கக் கூடாது, அவரத் தொடவும் கூடாது. சின்னச் சத்தம் கேட்டாலும் ஒடம்பு வில்லா வளைஞ்சிரும். இன்னொரு தடவை இழுத்தா மூச்சு நின்னுரும்."

"ஒரே ஒரு வார்த்தை" என்றேன்.

"அந்த ஒரு வார்த்தை போதும்மா" என்றார் அவர்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கண் பழகியபிறகுதான் முகம் தெரிந்தது. பல் கிட்டித்து, உதடு இழுத்துக்கொண்டு, சிரிக்கிறவர் மாதிரி கிடந்தார். அந்த நோய் முகத்தை அப்படித்தான் ஆக்குமாம். காதில் பஞ்சு வைத்திருந்தார்கள். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். அந்த நோயில் புத்தி கலங்காது, எல்லாம் தெரியும் என்று பிறகு சொன்னார்கள். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே எங்கேயோ திருநாள் வெடி ஒன்று வெடித்தது. அண்ணன் உடம்பு கட்டிலைவிட்டு எழும்பியது. நர்ஸம்மா என்னை வெளியே தள்ளிவிட்டார். மறுநாள் விடியக்காலை, கோயிலில் முதல் மணி அடிக்கிறதற்கு முன்னால், அண்ணன் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார்.

நாலு வருஷம் அவரைத் தண்டிக்கப் பேசாமல் இருந்தேன். அன்றைக்கு ஒருநாள் அவர் பிழைக்கவேண்டும் என்று பேசாமல் நின்றேன். படுத்திருந்தவருக்கு இரண்டும் ஒன்றாகத்தானே தெரிந்திருக்கும்? இந்த ஒரு வருஷமாக என்னால் இதைத் தாண்டிப் போக முடியவில்லை.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். இருட்டறையில் இரவும் பகலும் செருப்பில்லாமல் நடந்து அண்ணனைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கு முதல் நன்றி. ஆஸ்பத்திரி இருந்த தெருவில் வெடி போடவேண்டாம் என்று மைனி போய்க் கேட்டதும், திருநாள் என்றும் பாராமல் நிறுத்திய தெருப் பையன்களுக்கு நன்றி. அந்த ஒரு வெடி யார் போட்டது என்று நாங்கள் விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் மாட்டோம். அடக்கத்துக்குத் திருச்செந்தூரிலிருந்து வந்த லாட்ஜுக்கார அண்ணாச்சிக்கும், பெட்டிக்குத் தோள்கொடுத்த துறைமுகத் தொழிலாளர்களுக்கும், மூன்று நாளும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் சோறு அனுப்பிய தோணி முதலாளி வீட்டாருக்கும் நன்றி. முன்னால் பேசிய பேச்சுகளை நான் மனதில் வைத்திருக்கவில்லை. நாலு வருஷமும் என் வாசலுக்கும் அண்ணன் வாசலுக்கும் நடந்து கால் தேய்ந்த என் மைனிக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவரை என் வீட்டோடு வைத்துக்கொண்டிருக்கிறேன், அல்லது அவர் என்னை வைத்துக்கொண்டிருக்கிறார்.

பூசை முடிந்ததும் சாமியார் கல்லறைக்கு வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். நீங்கள் எல்லாரும் வரவேண்டும். ஜெபம் முடிந்தபிறகு நான் ஒரு தடவை வாய்விட்டு 'அண்ணே' என்று கூப்பிடப் போகிறேன். சத்தமாகத்தான் கூப்பிடுவேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் தயவுசெய்து என் வாயைப் பொத்த வேண்டாம். இனிமேல் அவருக்கு ஒன்றும் ஆகாது.

தங்கை